தோளுக்கு ஒரு குப்பி, முடிக்கு ஒரு டப்பா

கேள்வி: எனக்கு வயது 41, எடை 74 கிலோ. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எட்டு மாதமாக ஜிம் போகிறேன். நான்கு மாதமாக வலது தோளில் வலி. அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. ஜிம் மாஸ்டர், “பெப்டைடு ஆரம்பிங்க, மூணு வாரத்துல சரியாயிடும்” என்கிறார். கலக்கிக் குடிக்க கொலாஜன் பெப்டைடு பவுடர், 200 கிராம் டப்பா 1,150 ரூபாய். தோளுக்கு பி.பி.சி.-157 என்று ஒரு ஊசி, குப்பி 3,500 ரூபாய். இரண்டையும் வாங்கிவிட்டேன். குப்பியை ஃபிரிட்ஜ் கதவில் அப்பாவின் இன்சுலினுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன், இன்னும் போடவில்லை. எனக்கும் போன வருடம் மூன்று மாத சராசரி சுகர் 6.1 வந்தது. மனைவிக்கு 34 வயது. இரண்டாவது குழந்தை பிறந்து ஐந்து மாதம், தாய்ப்பால் கொடுக்கிறாள். கொத்துக் கொத்தாக முடி கொட்டுகிறது. அவளும் கொலாஜன் எடுக்கலாமா? வீட்டில் எல்லோரும் சைவம். நான் மட்டும் வெளியில் முட்டை சாப்பிடுவேன். மாநில அளவில் கபடி ஆடும் மச்சினனும் “மாமா, எனக்கும் சொல்லுங்க” என்கிறான். புதிதாக ஆரம்பிப்பவர் எந்த அளவில் ஆரம்பிக்க வேண்டும்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்

பொது மருத்துவரின் பதில்:

உங்கள் கடிதத்தில் எனக்கு நிம்மதி தந்தது ஒரே ஒரு வரிதான்: ‘இன்னும் போடவில்லை.’ நல்லது, போடாமலே இருங்கள். அந்தக் குப்பி இருக்கும் இடத்தைப் பற்றிக் கடைசியில் ஒரு வேலை சொல்கிறேன். எந்த அளவில் ஆரம்பிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் போகும் முன், உங்கள் மாஸ்டர் டப்பாவையும் குப்பியையும் ஒரே மூச்சில் ‘பெப்டைடு’ என்று சொல்லிவிட்டாரே, அதைப் பிரித்துவிடுவோம்.

பொடி என்றால் இட்லிப் பொடியும் பொடிதான், மூக்குப் பொடியும் பொடிதான், எலிக்கு வைப்பதும் பொடிதான். பெப்டைடும் அப்படி ஒரு பொதுப்பெயர். அமினோ அமிலங்களை மணி மணியாகக் கோத்த சரம் அது. சரம் நீளமாக இருந்தால் புரதம், குட்டையாக இருந்தால் பெப்டைடு. நீங்கள் சாப்பிடும் பருப்பில் உள்ள புரதம்கூட வயிற்றிலும் குடலிலும் வெட்டுப்பட்டு, வழியில் பெப்டைடாக மாறித்தான் செரிக்கிறது. நம் செல்கள் தாமே செய்துகொள்ளும் குளுட்டாத்தயோன் மூன்றே மணிகள். எடை குறைப்புக்கென்று இப்போது ஊரெல்லாம் பேசும் செமாகுளூட்டைடு 31 மணிகள். அப்பா போட்டுக்கொள்ளும் இன்சுலின் 51. அதாவது, மாஸ்டர் சொல்வதற்கு முன்பே உங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் பெப்டைடு இருந்திருக்கிறது.

இன்சுலினை டொராண்டோவில் 1921இல் பிரித்தெடுத்தார்கள். நூறு வருடம் தாண்டியும் அப்பா ஏன் அதை மாத்திரையாக விழுங்காமல் ஊசியாகவே போட்டுக்கொள்கிறார்? விழுங்கினால் வயிறு அதைப் பருப்புச் சாதத்தோடு சேர்த்துச் செரித்துவிடும், அதனால்தான். செமாகுளூட்டைடை மாத்திரையாக்கியவர்கள், அது உறிஞ்சப்படுவதற்கென்றே கூட ஒரு துணைப்பொருளைச் சேர்த்தார்கள். அப்படியும் வெறும் வயிற்றில், 120 மில்லிக்கு மேற்படாத தண்ணீரில் விழுங்கி, அரை மணி நேரம் காபிகூடக் குடிக்காமல் காத்திருக்க வேண்டும். இத்தனை செய்தும் ரத்தத்தில் சேருவது நூற்றில் ஏறக்குறைய ஒரு பங்கு.

வாய்வழியாகப் போகும் பெப்டைடு, மிகச் சில விதிவிலக்குகள் தவிர, உணவு. தோலுக்குள் ஊசியாகப் போவது மருந்து. டப்பா, உணவுப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் உணவு விதிகளுக்குள் வருகிறது. ஊசி, 1940ஆம் வருட மருந்து மற்றும் அழகுசாதனச் சட்டத்தின் கீழ் அனுமதி வாங்கி, மருத்துவர் சீட்டின் பேரில் மருந்துக்கடையில் பில்லோடு வர வேண்டியது. ஊசியில் போகிற எதற்கும் ‘சப்ளிமென்ட்’ என்று பெயர் கிடையாது. உங்கள் குப்பி இந்த இரண்டு கணக்கிலும் சேராமல் நடுவில் நிற்கிறது. கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு, பில் இல்லாத சரக்கு என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் டப்பாவைப் பார்ப்போம்.

ஆட்டுக்கால் சூப்பை இரவு ஃபிரிட்ஜில் வைத்துக் காலையில் எடுத்தால் தளதளவென்று உறைந்திருக்கும். சைவ வீடு, பார்த்திருக்க மாட்டீர்கள். ஜிம்மில் யாரையாவது கேளுங்கள். தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்திருக்கும் கொலாஜன் வெந்து இளகினால் ஜெலட்டின், அதுதான் அந்தத் தளதளப்பு. அதையே நொதிகளை விட்டு இன்னும் சிறுசிறு துண்டாக வெட்டிவிட்டால், பச்சைத் தண்ணீரிலும் கரையும், உறையாத பவுடர் கிடைக்கும். கொலாஜன் பெப்டைடு என்பது இவ்வளவுதான். சில டப்பாக்களில் ‘ஹைட்ரலைஸ்டு கொலாஜன்’ என்று இருக்கும், இரண்டும் ஒன்றே.

இதில் உங்கள் வீட்டுக்கு முக்கியமான சங்கதி ஒன்று இருக்கிறது. மாட்டுத் தோல், பன்றித் தோல், மீனின் தோலும் செதிலும்: கடையில் இருக்கும் கொலாஜன் பெரும்பாலும் இவற்றில் ஒன்றிலிருந்துதான் வருகிறது. செடியில் கொலாஜன் கிடையாது. டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் இருக்கும். அது அசைவக் குறி. பச்சை வட்டம் போட்டு ‘சைவ கொலாஜன்’ என்று விற்பதில் கொலாஜன் இருக்காது, வைட்டமின் சி, சில அமினோ அமிலங்கள், ஏதாவது மூலிகைச் சாறு இருக்கும். அம்மாவின் அடுக்களைக்குள் அந்த டப்பா போகும் முன் அவரிடம் சொல்லிவிடுங்கள். இது மருத்துவ ஆலோசனையில் சேராது, குடும்பம் நடத்துகிறவன் சொல்லும் ஆலோசனை.

சரி, பலன் உண்டா? மூட்டுத் தேய்மான வலியில் சிலருக்குக் கொஞ்சம் குறைந்ததாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. தோல் சுருக்கத்துக்கும் நல்லது என்று நிறைய ஆய்வுகள் வந்தன. ஆனால் 2025இல் 23 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, கம்பெனிகள் பணம் போடாத ஆய்வுகளில் அந்தப் பலன் தெரியவில்லை. தசைநாணுக்கு நல்லது என்று உங்கள் மாஸ்டர் சொல்வதற்கும் ஒரு வேர் இருக்கிறது. 2017இல் வெளியான ஆய்வில், கயிறு தாண்டும் பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன்பு வைட்டமின் சி சேர்த்த ஜெலட்டின் கொடுத்தார்கள். 15 கிராம் எடுத்தவர்களின் ரத்தத்தில், கொலாஜன் உற்பத்தியைக் காட்டும் அடையாளம் இரு மடங்கு ஏறியது. கலந்துகொண்டவர்கள் மொத்தம் எட்டுப் பேர். எல்லோரும் ஆரோக்கியமான இளைஞர்கள், யாருக்கும் தோள்வலி இல்லை. இந்த எட்டுப் பேர்தான் ஜிம் ஜிம்மாகப் போய் எட்டு லட்சம் பேராகிவிட்டார்கள்.

ஆகவே என் கருத்து: டப்பா பெரும்பாலானவர்களுக்கு ஆபத்தில்லாத பண்டம், எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டால் குடித்துப் பார்க்கலாம். முக்கோணம் உங்களுக்கு உறுத்தவில்லை என்றால், தினம் 5 கிராம், ஒரு வாரம். வயிறு உப்புசம், நெஞ்செரிச்சல் எதுவும் இல்லையென்றால் 10 கிராம். காலையா மாலையா, சூடா குளிர்ச்சியா என்பதெல்லாம் பெரிய விஷயமில்லை. கூடவே ஒரு கொய்யாவோ நெல்லிக்காயோ சாப்பிடுங்கள். வைட்டமின் சி இல்லாமல் உடம்பால் உறுதியான கொலாஜனைக் கட்ட முடியாது. 12 வாரம் பார்த்துவிட்டு, வித்தியாசம் தெரியவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள், வேறு பிராண்டுக்கு மாறிக்கொண்டே போக வேண்டாம். முக்கியமாக, அந்த 12 வாரத்தில் வேறு புதிய டப்பா எதையும் திறக்காதீர்கள். நான்கு புதுசை ஒரே வாரத்தில் ஆரம்பித்துவிட்டு, அரிப்பு வந்ததும் எது என்று தெரியாமல் வந்து நிற்பவர்கள் என்னிடம் நிறைய.

சிறுநீரகக் கல் வந்தவரா நீங்கள்? எழுதவில்லை. வந்திருந்தால் கொலாஜன் வேண்டாம். அதிலுள்ள ஹைட்ராக்சிபுரோலின் என்ற அமினோ அமிலத்தின் ஒரு பகுதி உடம்பில் ஆக்சலேட்டாக மாறுகிறது, கல் கட்டுவதும் பெரும்பாலும் அதில்தான். திருப்பூர் வெயிலில், ஏ.சி. அறையில் தண்ணீர் குடிக்க மறந்து உட்கார்ந்திருப்பவருக்கு இது சும்மா சொல்லும் எச்சரிக்கை இல்லை. மீன் ஒவ்வாமை உள்ளவர்கள் மீன் கொலாஜனைத் தொடக்கூடாது. டப்பாவில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா, ஒரு கரண்டியில் எத்தனை கிராம் கொலாஜன் என்று தனியாகப் போட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். எல்லாவற்றையும் சேர்த்துக் ‘கலவை 10 கிராம்’ என்று மட்டும் இருந்தால், உள்ளே சர்க்கரை எவ்வளவு, கொலாஜன் எவ்வளவு என்பது விற்றவருக்கே வெளிச்சம்.

தினம் 10 கிராம் என்றால் உங்கள் டப்பா 20 நாளில் காலி. மாதம் 1,725 ரூபாய். அந்தப் பணத்தில் என்ன வாங்கலாம் என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் உங்கள் உண்மையான ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது என்பது என் சந்தேகம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) கணக்குப்படி சாதாரண ஆளுக்கு ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம், உங்களுக்கு 61 கிராம். எடை தூக்குகிறவர் என்பதால் 1.2 கிராம் என்று வைத்தால் 89. நான்கு இட்லி, சாம்பார்; மதியம் சாதம், குழம்பு, ஒரு பொரியல், தயிர்; சாயங்காலம் டீயும் ஒரு வடையும்; இரவு மூன்று சப்பாத்தி, குருமா. நம் பக்கத்துச் சைவச் சாப்பாடு இப்படித்தான் போகும், கூட்டிப் பார்த்தால் 45 கிராம் தேறினால் அதிகம். முட்டை சாப்பிடும் நாளில் ஆறேழு கிராம் கூடும்.

கொலாஜன் பவுடரை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதில் டிரிப்டோபேன் என்ற அத்தியாவசிய அமினோ அமிலம் அறவே இல்லை. டப்பாவில் ‘புரதம் 9 கிராம்’ என்று இருக்கும், தசை கட்டுவதற்கு அது பருப்புக்கோ பாலுக்கோ ஈடாகாது. சில மலிவான புரோட்டீன் பவுடர்களில் எண்ணிக்கையை உயர்த்திக் காட்டக் கொலாஜனையும் கிளைசின் என்ற அமினோ அமிலத்தையும் கலப்பதுண்டு. பரிசோதனையில் அளப்பது நைட்ரஜனைத்தான், அது எங்கிருந்து வந்தாலும் புரதம் என்றே கணக்காகும். 2008இல் சீனாவில் குழந்தைப் பாலில் மெலமைன் என்ற நைட்ரஜன் நிறைந்த வேதிப்பொருளைக் கலந்தவர்கள் ஏமாற்றியதும் இதே அளவைத்தான். உலர்ந்த சோயா உருண்டை 100 கிராமில் 50 கிராமுக்கு மேல் புரதம், கடலையில் 25, துவரம்பருப்பில் 22. மதியம் ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பு, சாயங்காலம் வடைக்குப் பதில் கொண்டைக்கடலைச் சுண்டல், இரவு பன்னீரோ சோயாவோ, படுக்கும் முன் ஒரு டம்ளர் பால். இதைச் செய்தும் எட்டவில்லை என்றால் அப்புறம் பாலிலிருந்து எடுக்கும் ஒரு நல்ல வே புரோட்டீன் பற்றிப் பேசலாம்.

அடுத்து உங்கள் மனைவி. கர்ப்ப காலத்தில், சாதாரணமாக விழ வேண்டிய முடியும் விழாமல் நிற்கும். பிரசவமாகி மூன்று நான்கு மாதத்தில் அந்தப் பாக்கியெல்லாம் மொத்தமாக வந்து விழுகிறது. குளியலறை வடிகால் அடைத்துக்கொள்ளும் அளவுக்குக் கொட்டுவதைப் பார்த்தால் யாருக்கும் பயமாகத்தான் இருக்கும். பெரும்பாலானவர்களுக்குக் குழந்தையின் முதல் பிறந்தநாளை ஒட்டித் தானாகவே அடங்கிவிடும். இப்போது ஐந்தாவது மாதம். இந்த நேரத்தில் கொலாஜன் கொடுத்தாலும், வெங்காயச் சாறு தடவினாலும், எதுவுமே செய்யாமல் விட்டாலும், இன்னும் சில மாதத்தில் முடி நிற்கும். நேர்த்திக்கடன் எந்தச் சாமிக்குப் போகும் என்பதுதான் வித்தியாசம். முடிக்குக் கொலாஜன் உதவும் என்பதற்கு உருப்படியான சான்று இல்லை. பால் கொடுக்கும்போது, மூலிகைகள் கலந்த ‘அழகுக் கலவை’ டப்பாக்கள் கண்டிப்பாக வேண்டாம்.

நான் கேட்க விரும்புவது வேறு. அரசுத் திட்டப்படி பிரசவத்துக்குப் பின் 180 நாள் இரும்புச்சத்து மாத்திரை எடுக்க வேண்டும். இப்போதும் எடுக்கிறாரா, அல்லது மலச்சிக்கல் என்று இரண்டாம் மாதமே நிறுத்திவிட்டாரா? பாதி வீடுகளில் அந்த அட்டை அலமாரியில் அப்படியே இருக்கும். ஹீமோகுளோபின், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு, சைவம் என்பதால் பி12, இந்த நான்கையும் பார்த்துவிடுங்கள். பிரசவத்துக்குப் பின் சில பெண்களுக்குத் தைராய்டு தடுமாறுவதுண்டு, அதிலும் முடி கொட்டும், அசதி வரும். எல்லோரும் அதைத் ‘தூக்கமில்லாத அசதி’ என்று எழுதிவிடுவார்கள்.

இங்கே டப்பா இன்னொரு வகையில் காலை வாரும். முடிக்கும் தோலுக்கும் என்று விற்கும் கொலாஜன் டப்பாக்கள் பலவற்றில் பயோட்டின் என்ற வைட்டமினைச் சேர்த்திருப்பார்கள். ஒரு நாளைக்கு நமக்குத் தேவை 30, 40 மைக்ரோகிராம். டப்பாவில் 5,000, 10,000 என்று இருக்கும். உடம்புக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் பல லேப்களில் தைராய்டு பார்க்கும் முறையே பயோட்டினை வைத்து இயங்குவது. ரத்தத்தில் அது ஏறியிருந்தால், ஒழுங்காக இருக்கும் தைராய்டு எகிறிப்போனதுபோல ரிப்போர்ட் வரும். மாரடைப்புக்குப் பார்க்கும் டிரோபோனின் சோதனை தப்பாகக் குறைந்து வரலாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017இல் எச்சரித்தது. வீட்டில் யாராவது அப்படி ஒரு டப்பா குடித்துக்கொண்டிருந்தால், ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிட்டு, லேபிலும் சொல்லிவிட வேண்டும்.

இனி குப்பி. பி.பி.சி.-157 என்று தமிழில் எழுதினால் லண்டன் வானொலி நிலையம்போல இருக்கிறது, அந்த அளவுக்கு நம்பகமான ஆள் இல்லை. 15 அமினோ அமிலங்கள் கொண்ட சரம்; வயிற்றுச் சாற்றில் உள்ள ஒரு புரதத்திலிருந்து கிடைத்தது என்று சொல்லி, குரோஷியாவின் ஜாக்ரெப் நகரில் ஒரு குழு பல வருடமாக ஆராய்ந்து வருகிறது. எலிகளில் தசைநாண் அறுந்தால் சீக்கிரம் கூடுகிறது என்பது அவர்கள் சொல்வது. மனிதர்களிடம் நடந்தவையோ விரல்விட்டு எண்ணக்கூடிய, மிகச் சிறிய ஆய்வுகள். எலிகளில் இது புது ரத்தக்குழாய்களை வளர வைக்கிறது. புண்ணுக்கு அது நல்லது. எங்கேனும் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு கட்டி ஒளிந்திருந்தால் அதற்கும் அதே நல்லதுதான். அதைப் பார்க்கும் நீண்டகால ஆய்வு எதுவும் நடக்கவில்லை. 2023இல் எஃப்.டி.ஏ. இதைப் பாதுகாப்புக் குறித்த கவலை உள்ள பொருள்களின் பட்டியலில் வைத்தது. 2025 ஜூலையில் லாஸ் வேகஸில், முதுமையை வெல்வோம் என்று நடந்த ஒரு விழாவில் பெப்டைடு ஊசி போட்டுக்கொண்ட இரண்டு பெண்கள் செயற்கைச் சுவாசம் வைக்கும் நிலைக்குப் போனார்கள்.

உள்ளே இருக்கும் பொருளைவிட, அது வந்து சேரும் விதம்தான் எனக்கு அதிகப் பயம். சில மாதம் முன்பு ஒரு பையன் தொப்புளுக்குப் பக்கத்தில் எலுமிச்சை அளவு சிவந்து வீங்கி, காய்ச்சலோடு வந்தான். கீறிச் சீழ் எடுக்க வேண்டியிருந்தது. குப்பியைக் கொண்டுவரச் சொன்னேன். பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் பஞ்சு சுற்றிக் கொண்டுவந்தான். கீழே வெள்ளையாகக் கொஞ்சம் தூள், மேலே ரப்பர் மூடி. லேபிளில் கடுகளவு எழுத்தில், இது ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல என்று ஆங்கிலத்தில் இருந்தது. என் கண்ணாடிக்கே எட்டவில்லை, செல்போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் படித்தோம். “இது சட்டத்துக்காகப் போடறது சார்” என்றான். அது சரிதான்: விற்றவன் சட்டத்திலிருந்து தப்பிக்கப் போட்டது.

எப்படிக் கலந்தாய் என்று கேட்டேன். 5 மில்லிகிராம் குப்பியில் 2 மில்லி தண்ணீர் விட்டு, இன்சுலின் சிரிஞ்சில் 10ஆம் கோடு வரை இழுத்திருக்கிறான். ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 100 கோடு சேர்ந்தால் ஒரு மில்லி. ஆக அவனுக்குப் போனது 250 மைக்ரோகிராம். அவன் நண்பன் அதே குப்பியில் 1 மில்லி தண்ணீர்தான் விட்டானாம், அவனும் 10ஆம் கோடு. அவனுக்கு 500. இருவரும் தாங்கள் ஒரே அளவு போடுவதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். நம் ஊரில் சிவப்பு மூடி போட்ட 40 யூனிட் சிரிஞ்சும் சாதாரணமாகப் புழங்குகிறது. அதில் 10ஆம் கோடு என்பது கால் மில்லி. வீட்டில் இருக்கிறதே என்று அப்பாவின் சிவப்பு மூடி சிரிஞ்சை எடுத்திருந்தால், அதே 2 மில்லி கலவையில் 625 மைக்ரோகிராம். இந்தக் கணக்கெல்லாம் குப்பிக்குள் உண்மையில் 5 மில்லிகிராம் இருந்தால்தான். சீட்டும் பில்லும் இல்லாத குப்பியில், இருப்பது அந்தப் பொருள்தானா, கிருமி நீக்கப்பட்டதா என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. ‘எந்த அளவில் ஆரம்பிப்பது’ என்ற உங்கள் கேள்விக்குக் குப்பி விஷயத்தில் என்னால் விடை தர முடியாததற்குக் காரணம் இதுதான். பூஜ்யம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இதைப் போட்டுப் பலன் இல்லை என்று நீங்கள் சொன்னால், அடுத்து ஐபமோரெலின், சி.ஜே.சி.-1295 என்று பெயர்கள் வரும். அவை உடம்பின் வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டுபவை. வளர்ச்சி ஹார்மோன் ஏறினால் இன்சுலின் வேலை மந்தமாகும், சுகர் ஏறும். 6.1இல், அதாவது சர்க்கரை நோயின் வாசலில், நிற்கிற உங்களை அது எந்தப் பக்கம் தள்ளும் என்று அப்பாவின் மருந்துப் பெட்டியைப் பார்த்தாலே தெரியும்.

மச்சினனுக்கு ஒரு பத்தி போதும். பி.பி.சி.-157 உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியலில் 2022 முதல் பெயரோடு இருக்கிறது. டி.பி.-500 என்று சொல்லும் இன்னொரு பெப்டைடும், மேலே சொன்ன ஐபமோரெலின், சி.ஜே.சி.-1295 இரண்டும் அதே பட்டியலில்தான். சோதனையில் மாட்டினால் ‘மாமா சொன்னார், எனக்குத் தெரியாது’ என்பது எடுபடாது; உடம்பில் இருப்பதற்கு ஆட்டக்காரரே பொறுப்பு என்பதுதான் விதி. தடை நான்கு வருடம் வரை போகலாம். கபடியில் நான்கு வருடம் என்பது ஆட்டக் காலத்தில் பெரிய பங்கு. சாதாரண டப்பாக்களில்கூடக் கலப்படம் இருக்கலாம் என்பதால், எதையும் தொடும் முன் அவர் அணி மருத்துவரிடம் கேட்கட்டும்.

கடைசியில், எல்லோரும் மறந்துவிட்ட உங்கள் தோள். நான்கு மாதமாக வலிக்கிறது, யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. மூன்று வாரத்தில் சரியாகும் என்று சொன்னவர் எது சரியாக வேண்டும் என்று சொன்னாரா? கண்ணாடி முன் நின்று வலது கையைப் பக்கவாட்டில் மெதுவாகத் தூக்குங்கள். பாதியில், தோள் மட்டத்தை ஒட்டி வலித்து, அதற்கு மேல் போனதும் வலி குறைந்தால், தோளைச் சுற்றியுள்ள தசைநாண் உரசி வீங்கியிருக்க வாய்ப்பு. அடுத்து முழங்கையை இடுப்போடு ஒட்டி மடக்கி, முன்கையை வெளிப்பக்கம் திருப்புங்கள். இடது கை போகும் அளவுக்கு வலது கை போகவில்லை, மனைவி பிடித்துத் திருப்பினாலும் துருப்பிடித்த தாழ்ப்பாள்போல நிற்கிறது என்றால், அது உறைதோளாக, அதாவது தோள் மூட்டு இறுகிப்போனதாக, இருக்கலாம். நாற்பதைத் தாண்டியவர்களிடம், அதிலும் சுகர் உள்ளவர்களிடம், அதிகம் வருவது. உங்கள் 6.1 போன வருடத்துக் கணக்கு, இப்போது எங்கே நிற்கிறது என்று தெரியாது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு, எதற்கும் குப்பி தேவையில்லை. தசைநாண் என்றால் பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் ரப்பர் பட்டைப் பயிற்சி, பொறுமையாக ஆறு முதல் 12 வாரம்; கழுத்துக்குப் பின்னால் எடையை இறக்கும் பயிற்சியை இன்றே நிறுத்துங்கள். கால் பயிற்சியும் நடையும் தொடரலாம். உறைதோள் என்றால் அதற்கேற்ற பயிற்சி, தேவைப்பட்டால் மூட்டுக்குள் ஒரு ஊசி; அதை மருத்துவர் போடுவார், மருந்தின் பெயர் சீட்டில் இருக்கும். கை சட்டென்று பலமிழந்து தூக்கவே முடியாமல் போனாலோ, மரத்துப் போனாலோ காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள். இந்த வாரமே வெறும் வயிற்றுச் சுகரும் மூன்று மாத சராசரியும் எடுத்துவிட்டு, ஒரு எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள்.

முதலில் சொன்ன அந்த வேலை. அப்பாவின் இன்சுலினுக்குப் பக்கத்தில் அதே மாதிரி ரப்பர் மூடி போட்ட குப்பி. அப்பா விடிகாலையில் கண்ணாடி போடாமல் கைவிட்டுத் துழாவி எடுப்பவராக இருந்தால்? இன்றிரவே அதை அங்கிருந்து எடுத்து, ஒரு கவரில் போட்டு ஒட்டி, ‘போடக்கூடாது’ என்று பெரிதாக எழுதி, குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது கொண்டுபோய்க் காட்டிவிட்டு, மருத்துவக் கழிவில் போடச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். வீட்டுக் குப்பையில் வேண்டாம். இன்சுலின் அது இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்.